கல்லும் தாது மணலும் நேர்வழியில் போக: கனிமக் கூட்டமைப்பை நடத்தப் போகிறவருக்கு

குவாரிக்காரர்கள், கல் உடைக்கும் கிரஷர்காரர்கள், லாரி உரிமையாளர்கள், சரக்கை வாங்கும் கட்டுமானக் கம்பெனிகள் ஒரு பக்கம். கனிமவளத் துறை, வருவாய்த் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இன்னொரு பக்கம். ஊர்மக்கள், குவாரித் தொழிலாளர்கள், தொண்டு நிறுவனங்கள் மூன்றாவது பக்கம். இந்த மூன்று தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, நம்ம மண்ணிலிருந்து போகிற கனிமம் யாருடைய உயிரையும் வாங்காமல், யாருடைய பங்கையும் விழுங்காமல் போக என்ன வழி என்று பேசும் ஒரு கூட்டமைப்பு அமைந்து, அதை நடத்தும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒருங்கிணைப்பாளர், செயலாளர், தலைவர் என்று பதவிக்கு எந்தப் பெயர் வைத்திருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மாவட்டத்துக்காரர்கள் ஊர்ப் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாத் தரப்பும் சமம் என்று தீர்மானத்தில் எழுதிவிடலாம், ஆனால் வரிசையாக லாரி நிறுத்தி வைத்திருப்பவரும் வெடிச் சத்தத்தில் வீட்டுச் சுவர் கீறல் விட்டவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் சமமாக உட்காருவதில்லை. அந்த மேட்டையும் பள்ளத்தையும் ஒவ்வொரு கூட்டத்திலும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதுதான் தலைமையின் வேலை. பேச்சுத் திறமை, அதிகாரிகளோடு பழக்கம், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

எதற்காக இந்த வேலை

ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துப் பாறை ஜல்லியாகவும், கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலாகவும் உள்ளூருக்கும் கேரளாவுக்கும் போகிறது. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆகிறது. கடற்கரைத் தாது மணலில் கார்னெட், இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கிறது. கார்னெட் கப்பல் துருவைச் சுரண்டவும் தண்ணீரைப் பீய்ச்சி இரும்பு அறுக்கும் இயந்திரங்களுக்கும் போகிறது, இல்மனைட் வெள்ளைப் பெயிண்டுக்கு, ரூட்டைல் வெல்டிங் ராடுக்கு, சிர்கான் டைல்ஸுக்கு. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அதற்கு அணுசக்தித் துறையின் கட்டுப்பாடு தனி.

2013-இல் மாநில அரசு முதலில் தூத்துக்குடி மாவட்டத்திலும், அடுத்த மாதமே நெல்லை, குமரி உள்ளிட்ட மற்ற மாவட்டங்களிலும் தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. அதன் முறைகேடுகள் பற்றிய வழக்கில் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து 2010-இல் ஆர். நல்லகண்ணு மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடினார். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் ராத்திரி நேரம் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நாலு பேர் உயிரோடு திரும்பவில்லை.

வழக்கும் தடையும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பல இடத்தில் அவை இல்லாவிட்டால் ஒன்றும் நகர்ந்திருக்காது. ஆனால் ஒரு தடை உத்தரவில் கூலிக்குப் போனவர் வீட்டு அடுப்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. திரும்பத் திறந்துவிடும் உத்தரவில் சுவர் கீறல் விட்ட வீட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்த இரண்டு வரியையும் எழுதத்தான் இப்படி ஒரு கூட்டமைப்பு.

உலகத்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது காங்கோ விஷயத்தில். கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழுக்கள் தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் கிடைக்கும் இடங்களில் வசூல் செய்து சண்டை நடத்தின. 2010-இல் வந்த அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டம், அதன் 1502-ஆம் பிரிவில், அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் இந்த நாலு கனிமமும் தங்களுக்கு எங்கிருந்து வருகின்றன என்று விசாரித்து வெளியிட வேண்டும் என்றது. பல கம்பெனிகள் விசாரிக்கிற தொல்லையே வேண்டாம் என்று அந்தப் பக்கத்துச் சரக்கை மொத்தமாக ஒதுக்கின. காங்கோ அதிபர் கபிலாவும் 2010 செப்டம்பரிலிருந்து 2011 மார்ச் வரை கிழக்கு மாகாணங்களில் தோண்டுவதையே நிறுத்தி வைத்தார். கையால் தோண்டிப் பிழைத்த ஜனங்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இந்தச் சூழ்நிலையில்தான் 2011 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை, அந்நாட்டின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு, மின்னணுக் கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பொறுப்பான கனிம வணிகத்துக்கான கூட்டணி ஒன்றைத் தொடங்கின. காங்கோவை விட்டு ஓடாமல், அங்கிருந்தே நேர்மையான சரக்கை வாங்க வழி உண்டாக்குவது அதன் நோக்கம். நம் நாட்டிலும் ஜார்க்கண்ட், பீகார் மைக்கா சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வதை ஒழிப்பதற்காக வாங்கும் கம்பெனிகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2017-இல் ஒரு கூட்டு முயற்சியை ஆரம்பித்தார்கள். ஆக, நீங்கள் தனியாகக் காட்டில் நடக்கவில்லை, முன்னால் போனவர்களின் தடம் இருக்கிறது.

பொறுப்பை ஏற்கும் முன் கேட்க வேண்டியவை

பணம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். கூட்டம் நடக்கும் மண்டபம், சாப்பாடு, உங்கள் பெட்ரோல், அறிக்கை அச்சடிக்கும் செலவு, இதெல்லாம் ஒரே தரப்பின் பையிலிருந்து வந்தால், முதல் கூட்டத்தில் இலை போடும்போதே ஊர்க்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. பொதுக் கணக்கு ஒன்று தொடங்கி, எந்த ஒரு ஆளோ சங்கமோ மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எழுதி வையுங்கள். கணக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் தமிழில் கொடுத்துவிடுங்கள். நான் மேலே சொன்ன அமெரிக்கக் கூட்டணியிலும் அன்றாட அலுவலக வேலையை அரசும் கம்பெனியும் வைத்துக்கொள்ளவில்லை, ரிசால்வ் என்ற நடுநிலை அமைப்பிடம் விட்டார்கள்.

அடுத்து, உங்களை யார் எடுக்க முடியும் என்று கேளுங்கள். ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றால் உங்கள் வாயில் பூட்டு விழுந்த மாதிரிதான். குறைந்தது இரண்டு தரப்பு சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்று இருக்கட்டும்.

உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ குவாரியில், லாரியில், கிரஷரில் பங்கு இருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொல்லிவிடுங்கள். நம்ம ஊர்ப்பக்கம் சொந்தபந்தத்தில் யாராவது ஒருவர் லாரி வைத்திருப்பது சாதாரணம், அது குற்றம் இல்லை. பின்னால் வேறு யாராவது சொல்லி வெளியே வந்தால்தான் பிரச்சினை.

ஒரு லோடின் பின்னால் போங்கள்

இந்த வேலையில் நான் மிக முக்கியமாக நினைப்பது இது. கூட்டம் கூட்டுவதற்கு முன்னால், ஒரே ஒரு லோடு ஜல்லியைக் குவாரிப் பள்ளத்திலிருந்து வீடு கட்டும் இடம் வரை பின்தொடருங்கள். ரகசியமாக வேண்டாம், உரிமையாளரிடம் சொல்லிவிட்டே போங்கள். சம்மதிக்கிற ஒரு குவாரிக்காரர் எல்லா ஊரிலும் கிடைப்பார், நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இதில் லாபம் இருக்கிறது. நடைச்சீட்டு, அதாவது கனிமம் ஏற்றிப் போவதற்கான அனுமதிச் சீட்டு, இல்லாமல் ஓட்டுகிறவன் விலையைக் குறைத்து விற்பதில் முதலில் அடிபடுவது அவர்தான்.

குவாரிக்குள் போனதும் பாறை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து படி படியாக இறங்கி வெட்டியிருக்க வேண்டும், அதைத்தான் பெஞ்ச் என்கிறார்கள். படி இல்லாமல் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றால், அதன் அடியில் ஹிட்டாச்சி நின்று வேலை செய்தால், அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி வேலை நடக்கிறதா, வெடி வைப்பவரிடம் அதற்கான சான்றிதழ் இருக்கிறதா, வெடிக்கு முன்னால் சைரன் ஒலிக்கிறதா, தூசி பறக்கும் இடத்தில் தண்ணீர் அடிக்கிறார்களா என்று கேளுங்கள். கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு மருந்து கிடையாது, நுரையீரலில் படிந்தது படிந்ததுதான்.

அப்புறம் நடைச்சீட்டு. வண்டி எண், புறப்பட்ட நேரம், போய்ச் சேரும் இடம், அளவு எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். இங்கேதான் அளவுகளின் குழப்பம் தெரியும். வியாபாரம் யூனிட்டில் நடக்கிறது, ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். எடை மேடை டன்னில் காட்டும். ஜல்லி என்றால் ஒரு யூனிட் நாலு டன்னுக்கு மேலேயே வரும், ஈரமா உலர்ந்ததா, பெரிய ஜல்லியா சின்ன ஜல்லியா என்பதைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். சீட்டில் மூன்று யூனிட், எடை மேடையில் இருபது டன் என்றால் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. நேரத்தையும் பாருங்கள். காலையில் வாங்கிய சீட்டு சாயங்காலம் இரண்டாவது நடைக்கும் ஓடுகிறதா என்பதை நேரம்தான் காட்டிக்கொடுக்கும்.

டிரைவரோடு ஒரு டீ குடியுங்கள். ஒரு நடைக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது, வழியில் யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, அபராதம் விழுந்தால் யார் தலையில் விழுகிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள், நோட்டுப் புத்தகத்தை எடுக்காதீர்கள்.

கிரஷரில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நாலு குவாரியின் கல் ஒரே கிரஷருக்குள் போனால், வெளியே வரும் எம்-சாண்டைப் பார்த்து எது எந்தக் குவாரியின் கல் என்று யாராலும் சொல்ல முடியாது. உலகச் சந்தையில் உருக்காலைகளுக்கு இதே நிலைமைதான். சுரங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், உருக்காலைகள் அவ்வளவு இல்லை, அதனால் மின்னணுக் கம்பெனிகள் சேர்ந்து 2008-இல் தொடங்கிய அமைப்பு உருக்காலையைத்தான் தணிக்கைக்குத் தேர்ந்தெடுத்தது. எல்லாச் சரக்கும் வந்து நெருங்கும் குறுகலான இடத்தில் கண் வைப்பது, அதுதான் யோசனை. நம்ம பக்கம் அந்தக் குறுகலான இடம் கிரஷரும் எடை மேடையும், மேற்கே போகும் சரக்குக்குக் கேரள எல்லைப் புளியரை மாதிரியான சோதனைச் சாவடியும்தான். எல்லா இடத்தையும் கண்காணிக்கிறோம் என்று கிளம்பினால் ஒரு இடத்தையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள்.

இதைச் செய்துவிட்டுக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். யாராவது வழக்கமான பதிலைச் சொல்லும்போது உங்களுக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

வரையறையை எழுதும்போது அவசரப்படாதீர்கள். வைரத்துக்காக 2003-இல் தொடங்கிய கிம்பர்லி ஏற்பாட்டைப் பாருங்கள். கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணம் கொடுக்கும் வைரம் மட்டுமே மோதல் வைரம் என்று அதில் எழுதிவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் மராங்கே வைர வயல்களில் அரசுப் படைகளே அத்துமீறியபோது அந்த வரையறைக்குள் அது வரவில்லை. எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற விதியும் சேர்ந்துகொண்டது. அதைத் தொடங்க முன்னின்று உழைத்த குளோபல் விட்னஸ் என்ற அமைப்பே 2011 டிசம்பரில் வெளியேறிவிட்டது.

நம்ம கூட்டமைப்பு 'சட்டவிரோதக் குவாரியைத் தடுப்பது' என்று மட்டும் நோக்கத்தை எழுதினால் இதே கதைதான் நடக்கும். உரிமம் உள்ள குவாரியிலும் பாறை சரியும், தூசி பறக்கும், வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கூலி பாக்கி நிற்கும். அதனால் உயிர்ப் பாதுகாப்பு, கூலி, குடிநீர், வீடுகளுக்கு ஆகும் சேதம், அரசுக்குச் சேர வேண்டிய பணம் என்று ஐந்தையும் பேர் சொல்லி எழுதுங்கள். குவாரிக்காரர்கள் முதல் இரண்டு கூட்டத்தில் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை, அந்த முணுமுணுப்பு ஆரம்பத்திலேயே வரட்டும்.

யார், எங்கே, எப்போது

இதில் பெரும்பாலான கூட்டமைப்புகள் கோட்டை விடுகின்றன. அதிகாரிகளுக்கு வசதி என்று ஒரு வேலைநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, பாளையங்கோட்டையில் ஒரு ஹாலில் கூட்டம் போடுவார்கள். குவாரிக்காரர் காரில் வந்துவிடுவார். ஊர்க்காரருக்கு ஒரு நாள் கூலி போச்சு, இரண்டு பஸ் மாற வேண்டும்.

குவாரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் பெண்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதே இல்லை என்று கேட்டதற்கு ஒரு அக்கா சொன்னார்: "சாயங்காலம்னா எப்படி வரது அண்ணாச்சி? நாலு மணிக்கு மேல பீடியைக் கட்டிக் கடைக்குக் கொண்டு போணும்லா. ஒரு நாள் போகலைன்னா அடுத்த நாளைக்கு இலை, தூள் கிடைக்காது." அன்றைக்கு வரை அந்த ஊர்ப் பெண்களுக்கு இந்த விஷயத்தில் அக்கறை இல்லை என்று மேடையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நேரத்தைக் காலை பதினோரு மணிக்கு மாற்றி, பஞ்சாயத்துக் கட்டிடத்தின் திண்ணையிலேயே வைத்தபோது தட்டோடு வந்து, பீடி சுற்றிக்கொண்டே பேசினார்கள். எந்த வீட்டில் எந்த மாதம் சுவர் கீறல் விட்டது, எந்த போர்வெல் எப்போது வற்றியது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வந்தது. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மாதிரியான கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், காலைப் பூசை முடிந்த பிறகு வைத்தால் ஆள் இருக்கும். ஊர்க்கமிட்டியிடமும் பங்குத்தந்தையிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஆனால் அவர்கள் வந்துவிட்டால் ஊரே வந்த மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களை அழைப்பதுதான் கஷ்டம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து குவாரிக்குள்ளேயே ஷெட்டில் தங்கியிருப்பார்கள். முதலாளி முன்னால் ஒரு வார்த்தையும் வராது. அவர்கள் மொழி பேசும் ஒருவரை வைத்து, சந்தைக்கு வரும் நாளில், வெளியே வைத்துப் பேசுங்கள். கூட்டத்துக்கு அவர்களே வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், அவர்கள் சொன்னதைப் பெயர் இல்லாமல் கூட்டத்தில் வாசிக்கலாம்.

ஓட்டு முறைக்கு ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. 2006-இல் தொடங்கிய ஐஆர்எம்ஏ என்ற சுரங்கத் தர அமைப்பின் நிர்வாகக் குழுவில் சுரங்கக் கம்பெனிகள், வாங்கும் கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள், பாதிக்கப்பட்ட மக்கள், தொழிற்சங்கங்கள், முதலீட்டாளர்கள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு இடம். ஒரு தரப்பின் இரண்டு பேரும் சேர்ந்து 'வேண்டாம்' என்றால் அந்தத் தீர்மானத்தைத் தலை எண்ணி நிறைவேற்ற முடியாது, திரும்பப் பேச வேண்டும். ஒரே ஒரு ஆள் அடம்பிடித்து எல்லாவற்றையும் நிறுத்தவும் முடியாது, பெரும்பான்மையை வைத்து ஒரு தரப்பை நசுக்கவும் முடியாது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளை மட்டும் ஓட்டு இல்லாத உறுப்பினராக வையுங்கள். அவர்களுக்குச் சட்டப்படி செய்ய வேண்டிய வேலை தனியாக இருக்கிறது, அதை இங்கே ஓட்டுப் போட்டு முடிவுசெய்யக் கூடாது.

விலை பேசாதீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே தொழிலில் போட்டி போடும் ஆட்கள் ஒரு அறையில் உட்கார்ந்து ஜல்லி விலை, லாரி வாடகை, யார் யாருக்குச் சப்ளை என்று பேசினால் அது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்படி வம்பாகிவிடும். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் உடனே நிறுத்துங்கள், நிறுத்தியதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் இதை ஒரு வரியாகப் படித்துவிடுவது நல்ல பழக்கம்.

புகார் சொல்கிறவரின் பாதுகாப்பு

2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், தாமிரபரணி மணல் கடத்தலைத் தடுத்ததற்காக, தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம், சட்டவிரோதக் குவாரிகள் மேல் புகார் கொடுத்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே இந்தக் கதி என்றால், ஓட்டு வீட்டில் இருக்கிற ஒரு விவசாயி புகார் சொல்ல எவ்வளவு யோசிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இதை மனதில் வாங்காமல் தலைமைப் பொறுப்புக்கு யாரும் வரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் புகாரை வாங்குவதற்கு ஒரு பெட்டியும் ஒரு போன் நம்பரும் போதாது. புகார் வாங்குகிறவர் அந்த ஊர்க்காரராக இருக்கக் கூடாது. புகாரை வாங்கியதும் ஆள் பெயரை ஒரு நோட்டிலும் விஷயத்தை இன்னொரு நோட்டிலும் எழுதுங்கள், இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். கூட்டத்தில் பேசும்போது ஒரு புகாரை மட்டும் எடுத்துப் பேசாமல், அந்தப் பகுதியில் மூன்று நாலு குவாரிகளை ஒன்றாகப் பார்த்துவிட்டு வந்து பேசினால் யார் சொன்னது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மிரட்டல் வந்தால் அதே நாளில் காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகையை வாங்கி வையுங்கள். மிரட்டியவர் கூட்டமைப்பு உறுப்பினர் என்றால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அவரை நிறுத்திவைக்கும் அதிகாரம் உங்களுக்கு விதியிலேயே இருக்க வேண்டும்.

தப்பு கண்ணில் பட்ட பிறகு

பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி, கனிமம் வாங்கும் கம்பெனிகளுக்கு 2011-இல் கொடுத்த வழிகாட்டுதலில் ஐந்து படி இருக்கிறது. கம்பெனிக்குள் ஒழுங்கான ஏற்பாடு செய்வது, சரக்கு கைமாறி வரும் சங்கிலியில் எங்கே ஆபத்து என்று கண்டுபிடிப்பது, அதைச் சரிசெய்யத் திட்டம் போடுவது, வெளி ஆளை வைத்துத் தணிக்கை, வருஷாவருஷம் வெளியே சொல்வது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டமும் இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. ஆபத்தான பகுதிக் கனிமத்துக்காக எழுதியது என்றாலும் நம்ம ஜல்லிக்கும் இது பொருந்தும்.

இதில் மூன்றாவது படிதான் தலைமைக்குச் சோதனை. ஒரு குவாரியில் பெஞ்ச் இல்லை என்று தெரிந்ததும் 'வாங்காதே' என்று அறிவித்துவிடலாம். அறிவித்தால் அவர் அதே கல்லை வேறு இடத்துக்கு விற்பார், அங்கே வேலை செய்யும் ஆளுக்கு எந்த வித்தியாசமும் வராது. கொலை மிரட்டல், குழந்தைத் தொழில், கொத்தடிமை போன்றவை என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்றே வாங்குவதை நிறுத்திவிட்டுத் துறைக்கு எழுதுங்கள். செங்குத்தான சுவருக்கு அடியில் ஆட்கள் வேலை செய்தாலும் அந்தப் பகுதி வேலை அன்றே நிற்க வேண்டும், சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குத் தகவல் போக வேண்டும். மற்றபடி தூசி, எடை வித்தியாசம், சைரன், கூலிப் பதிவேடு போன்றவற்றுக்குத் தேதி போட்டு அவகாசம் கொடுங்கள், அந்தத் தேதியில் திரும்பப் போய்ப் பாருங்கள். ஆறு மாதத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் வாங்குகிறவர்களிடம் பேசி நிறுத்தச் சொல்லுங்கள். வாங்குகிற கட்டுமானக் கம்பெனிகளும் ஒப்பந்தக்காரர்களும் கூட்டமைப்பில் இருக்க வேண்டியது இதற்காகத்தான். அவர்கள் சொன்னால் கேட்கும் அளவுக்கு வேறு யார் சொன்னாலும் குவாரிக்காரர் கேட்கமாட்டார்.

ஆவணங்களைப் படிக்கப் பழகுங்கள். ஒவ்வொரு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி உண்டு, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும், அதில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கடைப்பிடித்தோம் என்று உரிமையாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். மாவட்டத்தில் எங்கே என்ன கனிமம் இருக்கிறது என்று சொல்லும் மாவட்ட ஆய்வறிக்கை என்று ஒன்று இருக்கிறது, அதையும் வாங்கிப் படியுங்கள். கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நிபந்தனைகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி ஊர்ப் பலகையில் ஒட்டினால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

2015 சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்ட கனிம அறக்கட்டளையை மறந்துவிடாதீர்கள். குவாரிகளும் சுரங்கங்களும் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது, ஆட்சியர்தான் தலைவர், பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்குத்தான் முன்னுரிமை. எந்த ஊருக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டு, குவாரி இருக்கும் ஊருக்கு வந்ததா, இல்லை வேறெங்கோ கட்டிடம் ஆனதா என்று பாருங்கள். ஊர்மக்கள் கூட்டமைப்பை நம்ப ஆரம்பிப்பது ஒரு குடிநீர்த் தொட்டியோ சிலிகோசிஸ் பரிசோதனை முகாமோ கண்ணுக்கு முன்னால் வந்த பிறகுதான்.

அறிக்கையும் கைமாற்றமும்

வருஷத்துக்கு ஒரு அறிக்கை, தமிழில், பத்துப் பக்கத்துக்குள். எத்தனை லோடு சோதித்தோம், எத்தனையில் அளவு ஒத்துப்போகவில்லை, எத்தனை புகார், எத்தனை தீர்ந்தது, எது தீரவில்லை, ஏன். தீராததை மறைக்க வேண்டாம் என்று கம்பெனித் தரப்பிடம் ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள், அச்சுக்குப் போகும் முந்தைய நாள் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். அந்த அறிக்கையைக் கிராம சபையில் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. கிராம சபைக்குப் பதிலாக நாங்கள் இருக்கிறோம் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள். ஊருக்கு அதிகாரம் கொடுத்திருப்பது சட்டம், கூட்டமைப்பு அதற்குத் துணைக்கு நிற்கலாம், அவ்வளவுதான்.

பதவியில் இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று வருஷம் இருங்கள். அடுத்தவர் வேறு தரப்பிலிருந்து வரட்டும், முதலில் தொண்டு நிறுவனத்துக்காரர் என்றால் அடுத்து வாங்கும் கம்பெனிக்காரர், அப்புறம் ஊர்க்காரர். போகும்போது கணக்கு, கூட்டக் குறிப்பேடு, அவகாசம் கொடுத்த தேதிகளின் பட்டியல், சுற்றுச்சூழல் அனுமதி நகல்கள் எல்லாவற்றையும் மூன்று தரப்பின் முன்னால் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். புகார் சொன்னவர்களின் பெயர் இருக்கும் நோட்டை மட்டும் அன்றைக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, புதிதாக வருபவர் யார் என்று சொல்லி, உங்கள் பெயரை அவரிடம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவரின் பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மீதியைக் கொண்டுபோய் ஒப்படையுங்கள்.